ஏரிக்கு வைத்த முதலும் கணக்குக் காட்டாதவரும்: உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஒரு மறுவாசிப்பு

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் 1898ஆம் ஆண்டுத் தொகுதியின் 1, 2 எண்களைத் தாங்கிய இரண்டையும் பற்றி எழுதாத சோழர் வரலாற்று நூல் இல்லை. 1904–05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் வி. வெங்கய்யா அவற்றை விரிவாக வெளியிட்டார். 1932இல் வந்த தம் நூலில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அவற்றை மறுபடி ஆராய்ந்தார். பிற்காலத்துப் பாடநூல்களும் மேடைப் பேச்சுகளும் ‘குடவோலைத் தேர்தல்’ என்று சொல்லும்போது, பெரும்பாலும் சாஸ்திரியாரின் உத்தரமேரூரைத்தான் சொல்கின்றன.

அந்த வாசிப்பின் சாரம் இது: முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் சபை ஒரு தேர்தல் ஏற்பாட்டைச் செய்தது, இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்ததில் குறைகள் தெரிந்தன, 14ஆம் ஆண்டில் அதையே செப்பனிட்டு விரித்தது. அதாவது ஊராட்சி தன்னைத்தானே திருத்திக்கொண்டு வளர்ந்த கதை. சாஸ்திரியாருக்கு அந்தக் கதை பிடித்திருந்தது என்பதில் வியப்பில்லை. தன்னாட்சி என்ற கேள்வி நாட்டையே உலுக்கிய பத்தாண்டுகளில் எழுதியவர் அவர். கணக்கு பற்றிய விதியை அவர் விட்டுவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. தகுதியின்மைகளின் பட்டியலில் அதையும் சேர்த்தே தருகிறார். ஆனால் சேர்த்தே தருவதுதான் என் குறை. வயது, நிலம், வேதப் பயிற்சி, ஒழுக்கம், கணக்கு என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்ததால், 14ஆம் ஆண்டுத் தீர்மானத்தை எழுத வைத்த நெருக்கடி எது என்பது மறைந்துபோகிறது. அந்த நெருக்கடி தேர்தல் பற்றியது அன்று, பணம் பற்றியது என்பதே என் வாதம். குறிப்பாக, ஏரிக்கும் அதுபோன்ற பொது இடங்களுக்கும் என்று ஒதுக்கி வைத்த பணம்.

முதலை வாங்கியவரே காவலர்

ஏரிக்கு என்று தனியாகப் பொருள் ஒதுக்கும் வழக்கம் பராந்தகனுக்கு முந்தியது. தொண்டைநாட்டில் அது இரண்டு வடிவங்களில் தெரிகிறது. ஒன்று நிலம்: விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்கே போக வேண்டும் என்று விடப்பட்ட ஏரிப்பட்டி. மற்றொன்று முதல்: பொன்னையோ நெல்லையோ ஒருவர் சபையிடம் வைக்க, சபை அதன் பலிசையிலிருந்து, அதாவது வட்டியிலிருந்து, ஆண்டுதோறும் தூர் வாரி, மண்ணைக் கரைக்குக் கொண்டு சேர்க்கும். உத்தரமேரூர் ஏரிக்குப் பல்லவ தந்திவர்மனின் விருதுப் பெயரை ஒட்டி வைரமேக தடாகம் என்று பெயர். அந்த ஏரியின் தூருக்கு முதல் வைத்த செய்திகள் அவ்வூர்க் கல்வெட்டுகளில் இருக்கின்றன.

இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. ஏரிப்பட்டி நிலம் ஊரறியக் கிடக்கிறது. அதை விற்றாலோ வேறொருவர் உழுதாலோ நாலு பேர் கண்ணில் படும். வைத்த முதல் அப்படியன்று. பொன்னைப் பெற்ற நாளிலேயே சபை அதை வேறு வேலைக்குச் செலவிட்டிருக்கலாம். பெரும்பாலும் செலவிட்டது என்றே நினைக்க வேண்டும். அதன்பின் ஏரிக்கு மிஞ்சுவது சபையின் வாக்குறுதி மட்டுமே. பலிசையைக் கொடுக்க வேண்டிய கடனாளியும் சபை. பலிசை முறையாகச் செலவாகிறதா என்று பார்க்க வேண்டிய காவலரும் சபை. ஒதுக்கிய நிதியைப் பற்றிய இந்தச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. காட்டை அழித்ததற்கு ஈடாகப் பெறும் தொகை யார் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2016இல்தான் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. அரசின் பொதுக் கணக்கில் தனி நிதியாக வைத்து, 90 விழுக்காட்டை மாநிலங்களுக்கும் மீதியைத் தேசிய நிதிக்கும் பிரித்தது அது. அதன் பிறகும் தொகை திசைமாறியதைத் தணிக்கை அறிக்கைகள் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

பல்லவர் காலத்து எழுத்தாளர்கள் இந்த ஆபத்தை உணர்ந்தே இருந்தார்கள். அறத்தைக் காத்தவரின் திருவடியைத் தலைமேல் தாங்குவேன் என்ற வாய்பாட்டைக் கல்வெட்டுக்குக் கல்வெட்டு பார்க்கிறோம். அழித்தவர் கங்கை–குமரி இடைப்பட்டோர் செய்த பாவமெல்லாம் கொள்வார் என்ற எச்சரிக்கையும் உண்டு. இவற்றுக்கும் மேலே ஒரு படி, தவறினால் தர்மாசனத்தில் நாள்தோறும் இவ்வளவு பொன் தண்டப்பட ஒப்புகிறோம் என்று சபையே எழுதிக்கொடுப்பது. புண்ணியம், சாபம், தண்டம். மூன்றும் சபையை ஒரே ஆளாக வைத்துப் பேசுகின்றன. சபைக்குள் எவர் கை பட்டுப் பணம் கரைந்தது என்ற கேள்விக்கு மூன்றிலும் விடையில்லை.

இவற்றைக் கால வரிசையில் அடுக்கி ஒரு படிவளர்ச்சி காட்ட ஆசை எழும். அடுக்க முடியாது. உத்தரமேரூரிலேயே கம்பவர்மன் பெயரில் பல கல்வெட்டுகள் உள்ளன. அவனை நிருபதுங்கனோடு சேர்ப்பதா, அபராஜிதனுக்கு அருகில் வைப்பதா என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவில்லை. அவனை எங்கே வைக்கிறோமோ அதற்கேற்ப ஏரிக் கொடைகளின் வரிசையும் முன்னும் பின்னும் நகரும். ஆகவே 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மூன்று காவல்களும் ஒருங்கே புழங்கின என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டில் மாறியது எது?

பராந்தகனின் முதல் ஆட்சியாண்டைக் கல்வெட்டறிஞர் கீல்ஹார்ன் 907இல் வைத்தார். அதன்படி 12ஆம் ஆண்டு 918–919இலும் 14ஆம் ஆண்டு 920–921இலும் விழும். 919, 921 என்று அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வாதத்துக்கு அந்தச் சில மாத வேறுபாடு தேவையில்லை. இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டுதான் என்பதே தேவை.

இரண்டு தீர்மானங்களையும் அருகருகே வைத்துப் படித்தால், பலரும் முதலில் பிடித்துக்கொள்வது வயது வரம்பு. முன்னதில் 30க்குக் குறையாமலும் 60க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பின்னதில் அது 35, 70 ஆகிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியவை தொடர்கின்றன. மூன்றாண்டு இடைவெளி விதியும் தொடர்கிறது. சாஸ்திரியாரின் ‘செப்பனிடல்’ என்ற விளக்கத்துக்கு வயது மாற்றம் நன்றாகப் பொருந்தும். அனுபவசாலிகள் வேண்டும் என்று நினைத்தார்கள், வரம்பை உயர்த்தினார்கள்.

அவ்விளக்கம் பொருந்தாத இடம் உறவினர் பற்றிய விதி. 12ஆம் ஆண்டுத் தீர்மானம் வாரியம் (சபையின் செயற்குழுப் பணி) செய்து ஒழிந்த பெருமக்களுக்கு அணுக்க உறவினர் ஆகாதவரையே எழுதச் சொல்கிறது. பதவி ஒரே குடும்பத்துக்குள் சுற்றக் கூடாது என்பது அதன் நோக்கம். அது தேர்தல் விதிதான். அங்கே சாஸ்திரியாரோடு எனக்கு வழக்கில்லை. 14ஆம் ஆண்டில் அந்த இடத்தில் வந்து உட்கார்வது வேறொன்று: எப்பேர்ப்பட்ட வாரியங்களும் செய்து ‘கணக்குக் காட்டாதே’ இருந்தவர். அவரோடு அவருடைய சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மனைவியோடு பிறந்தவர், உடன்பிறந்தாளை மணந்தவர், அவள் மக்கள், மகளை மணந்த மருமகன், தகப்பன், மகன். இத்தனை பேர் பெயரும் குடவோலையில் ஏறக் கூடாது.

முந்தைய விதி ஒழுங்காகப் பணி செய்து இறங்கியவரின் உறவினரையும் தடுத்தது. பிந்தையது கணக்குக் கொடாதவரின் உறவினரை மட்டும் தடுக்கிறது. ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் இறுக்கியிருக்கிறார்கள். பொதுவான செப்பனிடல் என்றால் ஏன் தளர்த்த வேண்டும்? அதிகாரம் ஒரு குடும்பத்தில் குவிவது பற்றிய அச்சம் இரண்டே ஆண்டில் அடங்கிப்போய், பணம் திரும்பி வராதது பற்றிய அச்சம் அதன் இடத்தைப் பிடித்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த விதி நிற்கும் இடமும் கவனிக்கத்தக்கது. தகுதியற்றோர் பட்டியலில் கணக்குக் காட்டாதவர்தான் முதலில் வருகிறார். முறைதகாத புணர்ச்சியும் மகாபாதகங்களும் அவருக்குப் பின்னால் நிற்கின்றன. உறவினர் பெயர்களை ஒவ்வொன்றாக விரித்துச் சொல்வதும் அவருக்காகத்தான். பாதகம் செய்தவர்களிடம் வரும்போது முன்சுட்டிய அத்தனை உறவினரும் என்று சுருக்கமாக முடிகிறது. அதாவது உறவுப் பட்டியல் கணக்குக்காக வரையப்பட்டு, பிறகு பாதகங்களுக்கும் நீட்டப்பட்டது. வைதிக அந்தணர் சபை ஒன்று பிரம்மஹத்திக்கு முன்னால் கணக்கை எழுதியிருக்கிறது! பட்டியலின் வரிசையை வைத்து அளவுக்கு மீறிப் பொருள் காண்கிறேன் என்று யாரேனும் சொல்லலாம். வரிசை மட்டும் என்றால் நானும் தயங்கியிருப்பேன். உறவுப் பட்டியல் எங்கே பிறந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தயக்கம் குறைகிறது.

கல்வெட்டின் பிற்பகுதியில் கணக்கு எழுதுவோரைப் பற்றிய விதிகள் வருகின்றன. தேர்தல் வரலாறு எழுதுவோர் அங்கே வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள் போலும். நேர்வழியில் பொருள் ஈட்டியவரையே கணக்கெழுத வைக்க வேண்டும். எழுதியவர் பெருமக்கள் முன் கணக்கைக் காட்டிச் சுத்தன் என்று ஆன பிறகே மறுபடி கணக்கில் புகலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதை ஒடுக்கக் கூடாது. இக்கடைசி விதியைக் கற்பனையில் யாரும் இயற்ற மாட்டார்கள். போன கணக்கரின் ஏட்டை வந்த கணக்கர் முடித்துக் கட்டி, இருவரில் எவர் பொறுப்பு என்று தெரியாமல் போன ஒரு நிகழ்ச்சி ஊரில் நடந்திருக்க வேண்டும். பெயரும் தொகையும் கல்லில் ஏறவில்லை. தீயவர் கெட்டு நல்லவர் தழைக்க என்று தீர்மானம் தன் நோக்கத்தைச் சொல்லிக்கொள்வதையும் இதனோடு வைத்துப் படிக்கிறேன்.

உரைகல் மெழுகு

இதுவரை காட்டியது, 14ஆம் ஆண்டுத் தீர்மானம் பணத்தைப் பற்றியது என்பதை மட்டுமே. அது ஏரிப் பணம் என்று எப்படிச் சொல்வது? விதியின் வாசகம் எல்லா வாரியங்களையும் அணைக்கிறது. சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். தனியே பஞ்சவாரமும் பொன் வாரியமும் உண்டு. எல்லாக் கைகளிலும் ஏதோ ஒரு பொருள் புழங்கியிருக்கும். கோயில் விளக்குக்கும் அமுதுக்கும் வைத்த முதல்களும் இதே சபையிடம்தான் இருந்தன. என் வாதத்தின் மெலிந்த கண்ணி இதுதான் என்பதால் இங்கே சற்று அதிகம் பேசியாக வேண்டும்.

உதவிக்கு வருவது அதே ஊரின், அதே பராந்தகன் காலத்து மற்றொரு கல்வெட்டு. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றுக் காண ஆட்களைக் குடவோலை மூலம் அமர்த்தும் ஏற்பாடு அது. மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் என்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் வர வேண்டும். யாருக்கும் சாயாமல் மாற்றுக் காண வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சம்வத்சர வாரியப் பெருமக்கள் முன் நின்று சூளுற வேண்டும். பொன் உரைத்த மெழுகை மட்டும் ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஏரிக்கும் உரைகல்லுக்கும் என்ன உறவு? பொன்னைக் கல்லில் உரைக்கும்போது துகள் ஒட்டும். அதை மெழுகு உருண்டையால் ஒற்றி எடுப்பார்கள். நாள்படச் சேர்ந்தால் உருண்டையை உருக்கிப் பொன்னைப் பிரிக்கலாம். உரைப்பவரின் கைக்குள்ளேயே இருந்துவிடக்கூடிய, உடையவருக்குத் தெரியாமல் சேரும் வரவு அது. சபை அதை உரைப்பவரிடமிருந்து பிடுங்கி ஏரி வாரியத்திடம் கொடுக்கிறது.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். ஏரி வாரியம் வெறும் பாதுகாவலர், மெழுகை வைத்துக்கொள்ள யாரோ ஒருவர் வேண்டும் என்பது ஒன்று. ஒட்டிய பொன் ஏரிக்கான வரவு என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தை ஏற்க முடியாததற்குக் காரணம் சூளுறவு. மேற்பார்வைதான் நோக்கம் என்றால், சூளுறவைக் கேட்கும் சம்வத்சர வாரியமே மெழுகையும் வாங்கியிருக்கும். அனுபவமும் எண்ணிக்கையும் அங்கேதான் இருந்தன. பொன் பற்றிய அறிவுதான் வேண்டும் என்றால் பொன் வாரியம் இருந்தது. இரண்டையும் விட்டு, அறுவர் மட்டுமே கொண்ட ஏரி வாரியத்துக்கு மெழுகு போகிறது என்றால், மேற்பார்வை ஓரிடத்திலும் வரவு மற்றோரிடத்திலும் வேண்டுமென்றே பிரிக்கப்பட்டன என்றே கொள்ள வேண்டும். ஏரிக்கு வைத்த முதலின் பலிசை போதாமல் சில்லறை வரவுகளையும் அங்கே திருப்பினார்கள் என்று இன்னும் ஒரு படி மேலே போகவும் ஆசைதான். அதற்கு வேண்டிய சான்று இந்த ஒரு கல்வெட்டில் இல்லை.

14ஆம் ஆண்டுத் தீர்மானத்திலேயே ஒரு துணைச் சான்று உண்டு. சம்வத்சர வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் கொள்ள வேண்டும் என்கிறது. கணக்குக் காட்டாதவர் குடவோலைக்கே வர முடியாது என்ற விதியோடு இதைச் சேர்த்தால், ஊரின் தலைமை வாரியத்துக்குப் போகும் வழி ஏரிக் கணக்கையும் தோட்டக் கணக்கையும் ஒப்படைத்த வழிதான் என்று ஆகிறது. பொது நிலத்தின் பொருளைக் கையாண்டு தூய்மையாக வெளியே வந்ததே ஒருவருக்கு நற்சான்று. சாஸ்திரியார் இவ்விதியை அனுபவத்துக்கு மதிப்பளித்ததாகக் கொள்வார். நான் அதை ஒரு சோதனையாகக் கொள்கிறேன்.

அரசன் ஆள் வந்து உட்கார்ந்ததை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. 12ஆம் ஆண்டில் தத்தனூர் மூவேந்தவேளானும், 14ஆம் ஆண்டில் சோமாசிப் பெருமான் என்னும் கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனும் அரசாணையோடு உடனிருந்தார்கள். சபையின் தன்னாட்சியை வலியுறுத்துவோருக்கு இது என்றைக்கும் சங்கடம். பர்ட்டன் ஸ்டைன் போன்று சோழ அரசின் பிடியையே தளர்த்திக் காண்போருக்கும் இது எளிதன்று. என் வாசிப்பில் சங்கடம் சற்றுக் குறைகிறது. கடனாளியும் காவலரும் ஒருவராக இருக்கும் இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் சாட்சிக்கு வேண்டியிருக்கிறது. ஏரி நிரம்பினால்தான் இறை வரும் என்பதால் அரசனுக்கும் அதில் அக்கறை உண்டு. ஆனால் இரண்டாம் முறை வேறொருவரை அனுப்பியது ஏன், முதல் ஏற்பாட்டில் முறைகேடு நடந்ததாக அரசனிடம் முறையீடு போனதா என்பதெல்லாம் ஊகத்துக்கு விட வேண்டியவை.

சபை வளர்ச்சிக் கதையில் உத்தரமேரூருக்கு முன்படியாகக் காட்டப்படும் மானூர்க் கல்வெட்டையும் இந்த இடத்தில் நினைக்கலாம். பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 800 என்று மதிப்பிடுகிறார்கள். சபையில் யார் உட்காரலாம், எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுபவருக்கு 5 காசு தண்டம் என்பன அதன் கவலைகள். அது பேச்சை ஒழுங்குபடுத்துகிறது. உத்தரமேரூரின் இரண்டாம் தீர்மானம் கையிருப்பை ஒழுங்குபடுத்துகிறது. ஒன்று வளர்ந்து மற்றொன்று ஆனது என்பதற்கு, இரண்டும் சபை பற்றியவை என்பதற்கு மேல் ஆதாரம் இல்லை.

பிற்பாடு

வாரியங்கள் பிற்காலச் சோழர் காலத்தில் மெல்ல ஒளி மங்குகின்றன. ஏரிக்குப் பொருள் ஒதுக்குவது மட்டும் தொடர்கிறது. ஆனால் முதல் வைப்பதைவிட நிலம் விடுவதே மேலோங்குகிறது. விஜயநகரக் காலத்துத் தசவந்த மானியங்கள் ஏரியைக் கட்டியவருக்கும் காப்பவருக்கும் நேரடியாக நிலத்தைக் கொடுத்தன. அதனால் காவலர் கணக்குக் கொடுக்க வேண்டிய சபை என்ற அமைப்பே நடுவிலிருந்து நீங்கியது. கணக்குச் சிக்கல் தீர்ந்தது என்பதைவிட, மானியம் குடும்பச் சொத்தாகி இன்னொரு சிக்கல் தொடங்கியது என்பதே பொருத்தம்.

சென்னை மாகாணத்தில் 1858இன் முதலாம் சட்டம் குடிமராமத்தைக் கட்டாயமாக்கியபோது, வேலைக்கு வராத குடியானவர் அவ்வேலை மதிப்பின் இருமடங்கைக் கட்ட வேண்டும் என்றது. தண்டம் இப்போது உழைப்பைத் தராதவர் மேல் விழுகிறது; பொருளை வைத்திருந்தவர் காட்சியிலேயே இல்லை. குடிமராமத்து என்ற தொன்மையையே காலனி அரசு எவ்வளவு தூரம் புனைந்துகொண்டது என்று டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில் கேட்டார். கிராமத்தின் ஒற்றுமையைப் பற்றிய நம் பழைய கற்பனைகளுக்கு அது நல்ல மருந்து. எனினும் பழைய ஏற்பாட்டை மன்னர், தலைவர், மரியாதை என்ற கோணத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால், பராந்தகனின் 14ஆம் ஆண்டில் ஏரி வாரியத்து ஆறு பேர் தங்கள் கணக்கைக் காட்டும்படி ஆனது கணக்கில் வராமல் போய்விடுகிறது.

அடுத்துச் செய்ய வேண்டியது தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியிலுள்ள உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அனைத்தையும் ஆட்சியாண்டு வரிசையில் வைத்து, 14ஆம் ஆண்டுக்குப் பின் ஏரிக்கு முதல் வைத்தவர் கூடினார்களா குறைந்தார்களா என்று பார்ப்பது. கூடியிருந்தால், கணக்கு விதி கொடையாளரின் நம்பிக்கையைப் பெற்றது என்று சொல்ல இடமுண்டு. குறைந்திருந்தால், சபையின் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தது என்று படிக்கவும் இடமுண்டு. கம்பவர்மன் எந்தப் பக்கம் விழுகிறான் என்பது தெளியாதவரை அந்தக் கூட்டல் கழித்தலில் பாதி நம் கைக்கு வராது.